ஆடி மாதத்தில் குளிர்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு ஃப்ளூ வழிகாட்டி

நான் டர்பனில் வந்து இறங்கியது ஒரு மே மாதத்தில். சென்னையில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவில் வெயிலுக்கு என்ன குறைச்சல் என்று நினைத்து ஸ்வெட்டர் ஒன்றுகூட எடுத்து வைக்கவில்லை. பெட்டியில் இருந்தது ஊறுகாய், சாம்பார் பொடி, ஒரு அட்டை டோலோ, ஒரு அட்டை அசித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக்.

ஜூன் மூன்றாவது வாரம். காலையில் நன்றாகத்தான் வேலைக்குப் போனேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கத் தெம்பில்லை. முதுகும் தொடையும் யாரோ உலக்கையால் இடித்தது போல வலித்தன. வீட்டுக்கு வந்து இரண்டு போர்வையைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஊர்ப் பழக்கப்படி அசித்ரோமைசினை மூன்று நாள் விழுங்கினேன். காய்ச்சல் அதன் போக்கில்தான் போனது. நான்காம் நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டினார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழ் நாலு வார்த்தைதான் வரும், ஆனால் ரசம் பிரமாதமாக வரும். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஃப்ளூ ஊசி போட்டாச்சா, கண்ணா?" என்றார். "எந்த ஊசி ஆன்ட்டி, டெட்டனஸா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலை, படிப்பு, கோயில் பணி என்று இங்கே வருபவர்கள் நான் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அதனால் இதை எழுதுகிறேன். டர்பனை வைத்துத்தான் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, கேப் டவுனில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் நாட்காட்டியை மாற்றுங்கள்

பூமியின் தென்பாதிக்கு வந்துவிட்டோம். இங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம். ஃப்ளூ பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ தலைகாட்டும். ஜூன், ஜூலையில் ஏறி, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அடங்கும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு சேர்த்து நினைக்கும் காய்ச்சல் சீசன் இங்கே ஆனி, ஆடிக்கு வந்துவிடுகிறது.

நான் இதைக் கோயில் கணக்கில் நினைவு வைத்துக்கொள்கிறேன். மவுண்ட் எட்ஜ்கோம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களில் ஈஸ்டர் சமயத்தில் பெரிய திருவிழா நடக்கும். அம்மனுக்கும் புனித வெள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கரும்புத் தோட்டக் காலத்தில் தொழிலாளிகளுக்குச் சேர்ந்தாற்போல லீவு கிடைத்த நாட்கள் அவைதாம், அதனால் அங்கே நிலைத்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். சரி, நம் கணக்கு இதுதான்: ஈஸ்டர் திருவிழா வருகிறதென்றால் ஊசி போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆடியில் ஊரெங்கும் கூழ் ஊற்றுகிறார்களென்றால் ஃப்ளூ வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது.

டர்பன் குளிர் பெரிய குளிர் இல்லை. ஜூலையில் இரவு 11, 12 டிகிரி, பகலில் 22, 23. கொடைக்கானல் போன அனுபவம் இருந்தால் சிரித்துவிடுவீர்கள். ஆனால் வீடுகளில் சூடாக்கும் வசதி கிடையாது, அதனால் ஆறு மணிக்கு இருட்டியதும் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்துவிடுகிறோம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே இருக்கிறது. குளிர்கால இரவில் 4 டிகிரிக்கு இறங்கும், காற்றில் ஈரமே இருக்காது. வறண்ட குளிர்காற்றில் இந்த வைரஸ் அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். சாத்திய ஜன்னல், வறண்ட காற்று இரண்டும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

சளி வேறு, ஃப்ளூ வேறு

மூக்கு ஒழுகினாலே "ஃப்ளூ" என்று சொல்வது இந்த ஊர்ப் பழக்கம். நீங்களும் ஒரு மாதத்தில் அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிடுவீர்கள். ஆனால் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். சாதாரண சளி மெல்ல வரும்: தொண்டை கரகரப்பு, தும்மல், மூக்கடைப்பு, லேசான அலுப்பு. வேலைக்குப் போய்விடலாம். இன்ஃப்ளூயன்சா, அதாவது நிஜமான ஃப்ளூ, சொல்லாமல் கொள்ளாமல் வரும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம். சட்டென்று காய்ச்சல், நடுக்கம், தலைவலி, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க முடியாத அசதி. குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கும் இருக்கலாம். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே தெரியாது. சாப்பிட மறுப்பார்கள், பேச்சு குழறும், குழப்பமாக இருப்பார்கள். கோவிட்டும் இதே முகத்தோடு வரும், அதைச் சோதித்துத்தான் பிரிக்க முடியும்.

மனிதர்களைப் பருவந்தோறும் படுக்க வைப்பவை ஏ, பி என்ற இரண்டு வகைகள். ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டும் இப்போது மாறி மாறிச் சுற்றுகின்றன. இவை தங்கள் மேல்தோற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருப்பவை. போன வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்று சொல்ல முடியாததும், ஊசியை வருடாவருடம் போட வேண்டியதும் இதனால்தான்.

வைரஸ் உடம்புக்குள் போய் ஒன்று முதல் நான்கு நாளில் காய்ச்சல் தொடங்கும். பெரும்பாலும் இரண்டு நாள். தொல்லை என்னவென்றால், காய்ச்சல் வருவதற்கு ஒரு நாள் முன்பே நாம் பிறருக்குப் பரப்ப ஆரம்பித்துவிடுகிறோம். அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் வரை அது தொடரும், சிறு குழந்தைகளிடமிருந்து இன்னும் அதிக நாள்.

"காய்ச்சல்தானே, போய்விடும்" என்பவர்களுக்கு ஒரு எண்ணிக்கை. தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்கு 6,000 முதல் 11,000 பேர் வரை ஃப்ளூவால் இறக்கிறார்கள் என்பது ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் சொல்லும் கணக்கு. இந்த நாட்டுக்கு ஃப்ளூ பற்றிப் பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1918 செப்டம்பரில் போரிலிருந்து திரும்பிய கப்பல்கள் கேப் டவுனுக்குக் கொண்டுவந்த காய்ச்சல், ரயில் பாதை போன இடமெல்லாம் போய், ஏறக்குறைய ஆறே வாரத்தில் சுமார் 3 லட்சம் பேரை வாரிக்கொண்டு போனது. அதில் பெரும்பகுதி வயதில் இளையவர்கள். அந்த அக்டோபரை இங்கே கறுப்பு அக்டோபர் என்றே சொல்கிறார்கள்.

ஊசி: எப்போது, எங்கே, யாருக்கு

மார்ச், ஏப்ரல் வாக்கில் அந்த ஆண்டுக்கான தடுப்பூசி வந்துவிடும். தென்பாதி நாடுகளுக்கு எந்தெந்த வைரஸைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் முந்தைய செப்டம்பரிலேயே முடிவு செய்துவிடும். வடபாதிக்குப் பிப்ரவரியில் முடிவு செய்வார்கள். "ஊரில் அக்டோபரில் போட்டுக்கொண்டுதானே வந்தேன்" என்று சிலர் கேட்கிறார்கள். அதன் காவல் மாதம் ஆக ஆகத் தேய்ந்துகொண்டே வரும். இங்கே ஜூனில் ஃப்ளூ உச்சத்துக்குப் போகும்போது மிச்சம் அதிகம் இருக்காது. எப்போது போட்டீர்கள் என்று பார்மசியில் சொல்லிவிட்டு, இந்த ஆண்டின் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போட்டபின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க இரண்டு வாரம் ஆகும். அதனால் ஏப்ரல் நல்லது, மே பரவாயில்லை. ஜூன், ஜூலையில் வந்து இறங்குபவர்கள் "சீசன் பாதி போய்விட்டதே" என்று விட்டுவிட வேண்டாம், மீதிப் பாதிக்கு உதவும்.

எங்கே போடுவது? க்ளிக்ஸ், டிஸ்கெம் போன்ற பெரிய பார்மசிகளுக்குள்ளேயே நர்ஸ் உட்கார்ந்திருக்கும் சிறு க்ளினிக் இருக்கும். நேரம் குறித்துக்கொண்டு போனால் காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் எய்ட் (இங்கத்திய மருத்துவக் காப்பீடு) இருந்தால் கார்டை நீட்டுங்கள். பல திட்டங்கள் வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசிக்குப் பணம் கொடுத்துவிடும், அதுவும் அந்தத் திட்டத்துக்குள் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் உங்கள் சேமிப்புக் கணக்கில் கை வைக்காமல். வேலை செய்யும் இடத்திலும் விசாரியுங்கள், சில கம்பெனிகள் நர்ஸையே அழைத்து வருகின்றன. அரசு க்ளினிக்குகளில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, இருப்பு உள்ளவரை இலவசமாகப் போடுகிறார்கள்: கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், இதயம், நுரையீரல் போன்ற நாள்பட்ட நோய் உள்ளவர்கள், சுகாதாரப் பணியாளர்கள். காலையில் சீக்கிரம் போங்கள். பாஸ்போர்ட்டும் பழைய மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் "வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஊசியா?" என்று பெரியவர்கள் தடுப்பார்கள். கர்ப்பத்தில் ஃப்ளூ வந்தால் நுரையீரலுக்கு இறங்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். அதோடு, ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் ஒரே கவசம் தாய் போட்டுக்கொண்ட ஊசிதான். பிறந்தபின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பாட்டி வருவதாக இருந்தால், வந்த வாரத்திலேயே பாட்டிக்கும் போட்டுவிடுங்கள். முதல்முறை போட்டுக்கொள்ளும் சின்னக் குழந்தைகளுக்கு, அதாவது எட்டு வயது வரை, நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. இரண்டாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

"ஊசி போட்டதும் எனக்கு ஃப்ளூ வந்துவிட்டது" என்பதை இங்கே பத்து பேரில் நாலு பேர் சொல்லக் கேட்பீர்கள். ஊசியில் இருப்பது செத்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒரு நாள் லேசாக உடம்பு சுடும், அவ்வளவுதான். ஆனால் ஊசி முழுக் காவல் என்றும் சொல்ல மாட்டேன். நன்றாகப் பொருந்திய வருடத்தில் நூற்றுக்கு 40 முதல் 60 வரை டாக்டரிடம் போகும் தேவையைக் குறைக்கும். மீறி வந்தாலும் ஆஸ்பத்திரிவரை போகாமல் பெரும்பாலும் காப்பாற்றும். எனக்கு அது போதும்.

முட்டை ஒவ்வாமை இருந்தாலும் இப்போது போடலாம். முன்பு இதே ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் டாக்டரைக் கேளுங்கள். நான்கு வகைக்கான ஊசி ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பி வகையின் யமகதா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் மூன்று வகை போதும் என்று மாறிவருகிறார்கள்.

டாக்சியில், வேலையில், கூழ் ஊற்றும் இடத்தில்

மினிபஸ் டாக்சியில் போவீர்கள். பதினைந்து பேர், சாத்திய ஜன்னல், குளிர்காலக் காலை. ஜன்னலைத் திறந்தால் பின்னாலிருந்து ஒரு கோகோ சத்தம் போடுவார். கோகோ என்றால் சூலு மொழியில் பாட்டி. அவரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு விரல் அளவு திறந்துவைத்துக்கொண்டு, முகத்தில் மாஸ்க் போட்டுக்கொள்வதுதான் இப்போது என் வழி.

ஆடிக் கூழ் விசேஷத்தை இங்கே "போரிட்ஜ் பிரேயர்" என்பார்கள். போகாமல் இருக்காதீர்கள், இந்த ஊர்த் தமிழர்களை அறிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் காய்ச்சலோ இருமலோ இருந்தால் அந்த வாரம் வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் வேறு கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். நன்றாக இருப்பவர்கள் சொந்த டம்ளர் கொண்டு போகலாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். திருநீறு இட்டுக்கொண்டால் பரவுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நெற்றியால் வைரஸ் உள்ளே போகாது. கை போகக் கூடாத இடங்கள் கண், மூக்கு, வாய்.

வேலை செய்யும் இடத்தில் கதவுக் குமிழ், கெட்டில் பிடி, கார்டு மெஷின் எல்லாவற்றையும் எல்லோரும் தொடுவார்கள். பிளாஸ்டிக், ஸ்டீல் போன்ற வழவழப்பான பரப்பில் இந்த வைரஸ் ஒன்றிரண்டு நாள்கூட இருக்கும். கை கழுவுவது இதற்குத்தான். ஆனாலும் இருமல், தும்மல், பக்கத்தில் நின்று பேசுவது ஆகியவற்றால்தான் அதிகம் பரவுகிறது. அதனால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருப்பதைவிட ஜன்னலைத் திறப்பது மேல்.

வந்துவிட்டது, இப்போது என்ன?

முதல் நாள் வேலை படுப்பது. இதைச் சாதாரணமாகச் சொல்கிறேன், ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம். காய்ச்சல் வந்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். முடிந்தால் தனி அறை. இல்லையென்றால் தலைமாடு கால்மாடாகப் படுத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நோயாளி குளிரில் நடுங்குகிறார் என்று மண்ணெண்ணெய் அடுப்பையோ கரி அடுப்பையோ சாத்திய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அந்தப் புகை ஃப்ளூவைவிட வேகமாக ஆளைக் கொல்லும்.

குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கஞ்சி, மோர், இளஞ்சூட்டில் மிளகு ரசம், சுக்குக் காபி. இந்த ஊர்த் தமிழ் வீடுகளிலும் ஃப்ளூ என்றால் ரசம்தான். ஐந்து தலைமுறைக்கு முன் மெட்ராஸில் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள், பாஷை மறந்தாலும், மிளகையும் பூண்டையும் தட்டிப் போட மறக்கவில்லை. நாட்டுக்கோழிச் சாறும் வைப்பார்கள். அந்தக் கோழிக்கு இங்கே "ரன்னிங் ஃபவுல்" என்று பெயர். ரசம் வைரஸைக் கொல்லாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், நீர்ச்சத்து உள்ளே போகும், வாய்க்கு ருசி திரும்பும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்கு இதமாக இருக்கலாம். குழந்தையைப் போர்வைக்குள் வைத்துக் கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்கார வைக்காதீர்கள், வெந்நீர் கவிழ்ந்தால் ஃப்ளூவை மறந்துவிட்டுத் தீக்காயத்துக்கு ஓட வேண்டியிருக்கும். நிலவேம்புக் குடிநீர்ப் பொடியை ஊரிலிருந்து கொண்டுவருபவர்கள் உண்டு. அதை நம்பி ஊசியையோ டாக்டரையோ தள்ளிப்போட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கவே வேண்டாம்.

மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பனாடோ என்று இங்கே விற்பதும், டோலோ என்று நாம் கொண்டுவருவதும் ஒரே மருந்துதான், பாராசிட்டமால். பனாடோ மாத்திரையில் 500 மி.கி., டோலோவில் 650 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 மி.கி. எல்லை. அதாவது 500 மாத்திரை எட்டு, அல்லது 650 மாத்திரை ஆறு, ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. இரண்டையும் சேர்த்துப் போட்டு, அதற்கு மேல் மெட்லெமன் பொடியைச் சூடாகக் கலந்து குடித்தால், அதிலும் பாராசிட்டமால்தான். கல்லீரல் கணக்கு வைத்துக்கொண்டிருக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் கறாராக. ஃப்ளூவுக்கு என்று விற்கும் எந்தப் பொட்டலத்தையும் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள்.

கிராண்ட்பா என்ற தலைவலிப் பவுடர் ஒவ்வொரு பெட்டிக்கடையிலும் தொங்கும். அதில் ஆஸ்பிரின் இருக்கிறது. டிஸ்பிரினும் ஆஸ்பிரின்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஃப்ளூ காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குறி என்ற அபூர்வமான, பயங்கரமான விளைவு வரலாம்.

குழந்தைகளுக்கான சிரப்பில் இன்னொரு பொறி. இங்கே கிடைக்கும் பனாடோ சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி. ஊரிலிருந்து கொண்டுவரும் சிரப்களில் 5 மி.லி.க்கு 250 மி.கி. உள்ளவையும் உண்டு. "ஒரு ஸ்பூன்" என்று ஞாபகத்தில் கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் இல்லை என்பது கணக்கு. சந்தேகம் இருந்தால் பார்மசிஸ்ட்டைக் கேளுங்கள். இந்த நாட்டில் அவர்கள் நின்று பதில் சொல்வார்கள், கட்டணமும் இல்லை. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பைத் தேடாதீர்கள், நேராக டாக்டரிடம்.

ஆண்டிபயாடிக் ஃப்ளூவுக்கு வேலை செய்யாது. அது பாக்டீரியாவுக்கான மருந்து, ஃப்ளூ வைரஸ். ஊரில் மெடிக்கலில் பெயரைச் சொல்லி வாங்குவது போல இங்கே வாங்க முடியாது. ஆண்டிபயாடிக் எல்லாம் ஷெட்யூல் 4, டாக்டர் சீட்டு வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அது சரியென்றே நினைக்கிறேன்.

வைரஸுக்கென்றே ஒரு மருந்து உண்டு: ஓசெல்டமிவிர், பிராண்டு பெயர் டாமிஃப்ளூ. இதற்கும் சீட்டு வேண்டும். பெரியவர்களுக்கு 75 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். மணியைக் குறிக்கச் சொன்னது இதற்காக. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு இது ஒரு நாள் காய்ச்சலைக் குறைக்கும், பெரும்பாலும் டாக்டர்கள் தர மாட்டார்கள். கர்ப்பிணி, 65 வயதுக்கு மேற்பட்டவர், ஆஸ்துமா, சர்க்கரை, இதயக் கோளாறு, எச்ஐவி உள்ளவர், சின்னக் குழந்தை என்றால் கதை வேறு. முதல் நாளே டாக்டரைப் பாருங்கள், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல்கூட ஆரம்பிப்பார்கள்.

எப்போது ஓட வேண்டும்

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் சரியாக எழாதது, சிறுநீர் போகாதது. குழந்தை என்றால் வேகமாக மூச்சு வாங்குவது, விலா எலும்பு உள்ளே இழுப்பது, பால் குடிக்க மறுப்பது, வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோவிட் காலத்து ஆக்சிமீட்டர் பல வீட்டு மேசைகளில் இன்னும் கிடக்கிறது. அதில் 92க்குக் கீழே காட்டினால் உடனே ஆஸ்பத்திரி.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நான்காம் நாள் காய்ச்சல் விட்டு, எழுந்து குளித்து, ஆறாம் நாள் மறுபடியும் காய்ச்சலும் மஞ்சள் சளியுமாகப் படுத்தால், அது ஃப்ளூ திரும்பி வந்தது அல்ல. பெரும்பாலும் நிமோனியா பின்னால் நுழைந்திருக்கிறது. அப்போது ஆண்டிபயாடிக் தேவைப்படும், டாக்டர் பார்த்துக் கொடுப்பார்.

அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. இரண்டையும் இன்றே போனில் ஏற்றி வையுங்கள். உங்கள் வீட்டு முகவரியை இங்கத்திய உச்சரிப்பில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் தெருப் பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பது பெரிய அவஸ்தை. சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை, கடற்கரைப் பக்கம் ஆடிங்டன் ஆகியவை பெரிய அரசு ஆஸ்பத்திரிகள். உங்கள் வீட்டுக்கு எது பக்கம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஃப்ளூ மாதிரி இருக்கும், ஃப்ளூ அல்ல

கடந்த சில வாரங்களில் க்ரூகர் காட்டுக்கோ, லிம்போப்போ, புமலாங்கா மாகாணங்களின் தாழ்வான பகுதிக்கோ, குவாசூலு-நாட்டாலின் வடக்கு ஓரத்துக்கோ, மொசாம்பிக்குக்கோ போய் வந்தீர்களா? அப்படியானால் காய்ச்சல், நடுக்கம், உடம்புவலி எல்லாவற்றையும் மலேரியா என்றே முதலில் சந்தேகப்படுங்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டாக்டர் கேட்காவிட்டாலும் எங்கே போய் வந்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். "ஃப்ளூதான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று இரண்டு நாள் இருந்துவிட்டு உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. புல்வெளியில், மலைப்பக்கம் நடந்து வந்தபின் காய்ச்சலும் தலைவலியும், உடம்பில் எங்கோ கருநிறப் பொருக்கோடு ஒரு புண்ணும் இருந்தால் அது உண்ணிக் கடிக் காய்ச்சல். அதற்கு மருந்து உண்டு, ரசத்தால் தீராது.

லீவும் சிக் நோட்டும்

புதிதாகச் சேர்ந்தவர்கள் லீவு கேட்கப் பயந்து காய்ச்சலோடு போய் முழுத் தளத்தையும் படுக்க வைத்துவிடுகிறார்கள். 1997ஆம் ஆண்டின் வேலை நிபந்தனைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மூன்று வருடச் சுற்றில், ஆறு வாரத்தில் நீங்கள் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 30 நாள். முதல் ஆறு மாதத்தில் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒரு நாள் என்ற கணக்கு. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலோ, எட்டு வாரத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் லீவு போட்டாலோ, முதலாளி சிக் நோட், அதாவது மருத்துவச் சான்று, கேட்கலாம், இல்லையென்றால் சம்பளத்தைப் பிடிக்கலாம். அதைக் கொடுப்பவர் இந்த நாட்டின் மருத்துவக் கவுன்சிலில் பதிவானவராக இருக்க வேண்டும். மயிலாப்பூர் குடும்ப டாக்டர் வாட்ஸப்பில் அனுப்பிய சீட்டை நான் ஒருமுறை எச்ஆரிடம் காட்டினேன். மரியாதையாகச் சிரித்தார்கள், இரண்டு நாள் சம்பளம் போனது.

வேலைக்கு எப்போது திரும்பலாம்? பாராசிட்டமால் போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தபின். பள்ளிக்கூடத்துக்கும் இதே கணக்குத்தான்.

விடாத இருமல்

காய்ச்சல் மூன்று முதல் ஐந்து நாளில் போகும். இருமலும் அசதியும் இரண்டு வாரம் இழுக்கும், படியேறினால் மூச்சு வாங்கும். அது சகஜம். ஆனால் இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருமல் நிற்காமல், ராத்திரியில் வியர்த்து, எடை குறைந்தால் அதை ஃப்ளூவின் மிச்சம் என்று விட்டுவிடாதீர்கள். காசநோய் அதிகம் உள்ள நாடுகளில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. பக்கத்து அரசு க்ளினிக்கில் சளியை எடுத்து இலவசமாகச் சோதிப்பார்கள், இருந்தால் மருந்தும் இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த வரிசையில் வக்கீலும் நிற்பார், வாத்தியாரும் நிற்பார். சளியைக் கொடுக்கும்போது இந்த ஊர் போன் நம்பரைக் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி பழக்கதோஷத்தில் கோயம்புத்தூர் நம்பரை எழுதிவிட்டு வந்துவிட்டான், முடிவைச் சொல்லக் கூப்பிட்டவர்கள் அவன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள்.